புகை வராத புகைபோக்கி

இதனால் சகல பெற்றோர்களுக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் முறைப்படி எடுக்கப்பட்ட அளவின்படி குளிர் மைனஸ் நாற்பத்தாறு. ஆகவே ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலான செல்வங்கள் இன்றும் இல்லத்திலிருந்தே கல்வி கற்பார்கள். கல்வி நிற்காது. குளிர் நம்மை வெல்லாது. வீட்டுப்பாடம் கீழே பதினேழு பக்கங்களில். மாலை ஆறு மணிக்குள் படம் எடுத்து அனுப்பவும். கோணலான படங்கள் ஏற்கப்படமாட்டா.

இப்படிக்கு, ரயீசா இன்னக்கெந்தியெவ்னா, தலைமையாசிரியை.

லேனா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் சிற்றூரில் இந்த அறிவிப்பு பெற்றோர் குழுவில் வந்து விழுந்தது இது ஒன்பதாவது நாள். முதல் நாள் எல்லோரும் அதற்குப் பூச்செண்டு படம் போட்டு நன்றி சொன்னார்கள். மூன்றாம் நாள் கட்டைவிரல். ஆறாம் நாளிலிருந்து யாரும் ஒன்றும் போடவில்லை.

வர்வாரா கைப்பேசியைச் சமையல் மேடைமேல் கவிழ்த்துப் போட்டாள்.

போன வாரம் முழுக்க அவளுக்கு ஒரே கவலை. பேக்கரியில் ஆறு வருஷமாகக் காத்திருந்த ஷிஃப்ட் தலைமைப் பதவி. இந்தக் குளிர் விடுமுறையில் பகல் வேலைக்குப் போக முடியாமல் மாலை ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டே இருந்தாள். இரண்டு பெண் பிள்ளைகளையும் வீட்டில் வைத்துப் பாடம் சொல்லித் தர வேறு ஆள் இல்லை. நேற்று அந்தப் பதவி, மாவு பிசையத் தெரியாத, ஆனால் பள்ளி வயதில் பிள்ளைகள் இல்லாத ஒருத்திக்குப் போய்விட்டது. குளிர்மேல் கோபப்பட்டு என்ன செய்வது என்று வர்வாரா பேசாமல் வீடு வந்து சேர்ந்தாள்.

"அம்மா, பஞ்சு பொம்மை செய்யணுமாம்" என்றாள் சின்னவள் மிச்சியே. முதல் வகுப்பு. "பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து."

"நேத்துதானே பஞ்சு ஆட்டுக்குட்டி செஞ்சோம்?"

"அது நீ செஞ்ச. நல்லா வந்துச்சு. அஞ்சு மார்க்."

வர்வாரா இந்த ஒன்பது நாளில் முதல் வகுப்பை அநேகமாகத் தேறிவிட்டாள். பஞ்சு, பசை, வண்ணத்தாள் எல்லாவற்றிலும் ஐந்துக்கு ஐந்து. குச்சிகளை எண்ணுவதில் மட்டும் ஒருமுறை நான்கு.

ஜன்னலுக்கு வெளியே, ஆற்றை ஒட்டிய பனிச்சறுக்கு மேட்டில், வகுப்புக்குப் போக முடியாத அளவு குளிரில், ஊரின் மொத்தத் தொடக்கப் பள்ளியும் அட்டைகளில் உட்கார்ந்து கத்திக்கொண்டே சறுக்கிக்கொண்டிருந்தது.

"நானும் போறேன்மா."

"மைனஸ் நாப்பத்தாறுல எங்க போற? மூச்சு உறைஞ்சு போகும். உக்காரு."

மூத்தவள் நர்யா மேஜையின் மறுபக்கம் இருந்தாள். ஒன்பது வயது, மூன்றாம் வகுப்பு. எழுதவுமில்லை, படிக்கவுமில்லை. நோட்டை மூடி அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு என்னடி?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா மூக்கு செவந்திருக்கு?"

நர்யா ஒரு கையை எடுத்து, கவிழ்ந்து கிடந்த கைப்பேசியைக் காட்டினாள். வர்வாரா கைப்பேசியைத் திருப்பிப் பார்த்தாள். மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியை வேறு யாருமில்லை, ரயீசா இன்னக்கெந்தியெவ்னாதான். நேற்று அனுப்பிய இயற்கை நாட்குறிப்பின் படம் திரும்பி வந்திருந்தது, குறுக்கே சிவப்பு மையில்:

தவறான தகவல்கள். அதிகாரபூர்வ அளவைப் பார்த்து எழுதவும். மதிப்பெண்: 2. இன்று ஆறு மணிக்குள் திருத்தி அனுப்பினால் பரிசீலிக்கப்படும். திங்கட்கிழமை மாவட்டப் போட்டிக் குழுவினர் நாட்குறிப்புகளைப் பார்வையிடுகிறார்கள் என்பதை மறவாதீர்.

இரண்டு என்றால் தோல்வி. நர்யா அதுவரை இரண்டு வாங்கியதில்லை. மூன்று வாங்கியதற்கே ஒருமுறை இரவுச் சாப்பாடு வேண்டாமென்று படுத்தவள்.

"பாத்து எழுத மாட்டியா? நம்பர்தானே!" வர்வாராவின் குரல் உயர்ந்தது. "பஞ்சு ஒட்டறது, குச்சி எண்ணறது எல்லாம் நான் செய்யறேன். ஜன்னலைப் பாத்து ஒரு நம்பர் எழுத உனக்கு வராதா?"

"பாத்துதான் எழுதினேன்."

"ஜன்னல் தெர்மாமீட்டர் வீட்டுச் சூட்டுல நாலு டிகிரி கூடக் காட்டும். எல்லாருக்கும் தெரியும்."

"எனக்கும் தெரியும். அதான் கொட்டகைக் கதவுல தொங்கறதையும் போய்ப் பாத்தேன். அதைத்தான் எழுதினேன்."

வர்வாரா நோட்டைப் பிடுங்கினாள். திட்டுவதற்காகத்தான் படிக்கத் தொடங்கினாள்.

பதினான்காம் தேதி. மைனஸ் 39. வானம் தெளிவு. நான் கவனித்த ஒரு மாற்றம்: எங்கள் பள்ளிப் புகைபோக்கியில் புகை இல்லை.

பதினைந்து. மைனஸ் 38. தெளிவு. புகை இல்லை.

பதினாறு. மைனஸ் 40. புகைபோக்கியின் சிவப்புப் பட்டை தெரிகிறது. புகை இல்லை.

பதினேழு. மைனஸ் 37. அண்டங்காக்கை வந்து புகைபோக்கியின் மேல் உட்கார்ந்தது. ரொம்ப நேரம் இருந்தது.

பதினெட்டு. மைனஸ் 39. அப்பா வேலையிலிருந்து வந்தார். இமையில் பனி இல்லை.

வர்வாரா அந்த வரியில் நின்று, அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு எழுந்து ஜன்னலருகே போனாள்.

நாற்பத்தைந்தைத் தாண்டினால்தான் சின்ன வகுப்புகளை மூடுவார்கள்; தாண்டிவிட்டால் எங்கள் ஊரில் மூடுபனியும் வந்து உட்காரும். எதிர்வீட்டு வாசல்கூடத் தெரியாது. கார்கள் ஒன்றையொன்று தடவிப் பார்த்துக்கொண்டு போகும். வர்வாரா பார்த்தாள். எதிர்வீடு தெரிந்தது. அதற்கப்பால் தபால் நிலையம். அதற்கும் அப்பால் பள்ளியில் சிறு பிள்ளைகள் படிக்கும் மரக் கட்டடம், அதன் தனிப் பாய்லர் அறை, சிவப்புப் பட்டை போட்ட புகைபோக்கி. வெட்டவெளிச்சமாக. ஒன்பது நாளாக அவளும்தான் இதே ஜன்னலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அறிவிப்பில் நாற்பத்தாறு என்று போட்டிருந்ததால் வெளியே பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

இந்த ஊரில் குளிர் எத்தனை என்பதை வானம் தீர்மானிப்பதில்லை. தினமும் காலை ஆறு மணிக்குப் பள்ளி வாசலில் நின்று, அளவு பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடும் பள்ளி மேற்பார்வையாளர்தான் தீர்மானிக்கிறார். அந்தப் பாய்லருக்கும் அவர்தான் பொறுப்பு.

அவர் பெயர் கவ்ரீல். வர்வாராவின் கணவன்.

"மிச்சியே" என்றாள் வர்வாரா. "கோட்டைப் போடு. போய் சறுக்கு."

"நாப்பத்தாறும்மா?"

"போடின்னா."

மூன்று மணிக்குத்தான் கவ்ரீல் சாப்பிட வந்தான். காதுத் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினான். இமையில் பனி இல்லை. மேஜையில் அவன் இடத்தில் குதிரைக்கறி சூப்புக்குப் பதிலாக ஒரு நோட்டு இருந்தது.

"கவ்ரீல் நிக்கலாயெவிச், உக்காருங்க" என்றாள் வர்வாரா.

பதிமூன்று வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அவனைத் தகப்பன் பெயரோடு சேர்த்து 'நீங்க' போட்டு அழைத்தது இரண்டே தடவை. இரண்டு தடவையும் வீட்டில் ஏதோ ஒன்று உடைந்தது. கவ்ரீல் உட்காராமல் நின்றான்.

"அந்தப் புகைபோக்கியில ஏன் புகை வரல?"

"அதுவா... இப்ப நிலக்கரி நல்ல நிலக்கரி. புகையே வராது."

"அண்டங்காக்கா ஏறி உக்காந்திருக்கு. அதுவும் நல்ல காக்காவா?"

கவ்ரீல் மகளைப் பார்த்தான். நர்யா பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கூராக இருந்த பென்சில்.

"பதிமூணாம் தேதி" என்றான். உட்கார்ந்தான். "மாவட்டப் பள்ளிப் போட்டிக்கு வாசல்ல ஐஸ் எழுத்து வைக்கணும்னு ரயீசா இன்னக்கெந்தியெவ்னா சொன்னாங்க. 'மாவட்டத்தின் முன்மாதிரித் தொடக்கப் பள்ளி'ன்னு. ஆளுயர எழுத்து. நீலச்சாயம் கலந்து அச்சுல ஊத்தி ஊத்தி உறைய வைக்கணும். நான் அங்க நின்னேன். கரண்ட் போயிருக்கு. பாய்லர் தண்ணி பம்ப் நின்னிருக்கு. எனக்குத் தெரியல வர்யா" என்றான், மனைவியைச் செல்லப் பெயரால் கூப்பிட்டு.

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி."

பம்ப் நின்றால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் குழாய்த் தண்ணீரை வடித்துவிட வேண்டும் என்பது எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். கவ்ரீலுக்கு இருபது வருஷமாகத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவன் மூன்றாவது எழுத்தில் இருந்தான். வாசலில் அவன் பாடுபட்டு ஐஸ் செய்துகொண்டிருக்க, உள்ளே குழாய்கள் அதை யார் உதவியும் இல்லாமல் செய்து முடித்துவிட்டன. வகுப்பறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் பதினொன்று வெடித்துவிட்டன.

"விபத்துன்னு எழுதினா போட்டியிலேருந்து எடுத்துடுவாங்கன்னு சொன்னாங்க. 'ரெண்டு நாள் குளிர் விடுமுறைன்னு போட்டுடுங்க, கவ்ரீல், அதுக்குள்ள சரி பண்ணிடலாம்'னு. ரெண்டு நாளு மூணாச்சு. சாமான் வரல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ கத்துவ."

"இப்ப என்ன தாலாட்டா பாடறேன்?" மேஜைமேல் அவள் கை இறங்கியதில் சர்க்கரைக் கிண்ணம் கவிழ்ந்தது. "ஒம்பது நாள்! ஒம்பது நாளா என் கண்ணு முன்னாடி தொப்பியை மாட்டிக்கிட்டுப் போயி, பொய்யை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்து, என் சூப்பைக் குடிச்சிருக்கீங்க. என் ஷிஃப்ட் போச்சு. நேத்து ராத்திரி பக்கத்துல உக்காந்து என்ன சொன்னீங்க? 'குளிரை நாம என்ன பண்ண முடியும், வர்யா'ன்னு முதுகைத் தடவுனீங்க!"

கவ்ரீல் கவிழ்ந்த சர்க்கரையைக் கையால் கூட்டிக் கிண்ணத்தில் போட ஆரம்பித்தான்.

"அதை விடுங்க!"

விட்டான்.

"நோட்டை மட்டும்..." என்றான் தரையைப் பார்த்து. "நோட்டை மட்டும் அவங்க சொன்னபடி மாத்திடுவோம். குழு வந்து பாக்கும். பதிவேட்டுல என் கையெழுத்து இருக்கு. பிள்ளை நோட்டுல ஒண்ணு, என் பதிவேட்டுல ஒண்ணுன்னா வேலை போயிடும். நர்யா கண்ணு, ரப்பர் எடு."

நர்யா ரப்பரை எடுத்து மேஜை நடுவில் வைத்தாள். நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ நாப்பத்தாறு பாத்தியாப்பா?" என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு யாரும் சாப்பிடவில்லை. வர்வாரா நோட்டை வாங்கிக்கொண்டு, கோட்டின் பித்தான்களைத் தப்புத்தப்பாகப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பள்ளி வாசலில் நீல எழுத்துகள் ஜம்மென்று நின்றன. அவற்றைத் தாண்டி மூடிக்கிடந்த மரக் கட்டடம். அதையும் தாண்டிப் பெரியவர்கள் படிக்கும் கல் கட்டடம். அதன் பாய்லர் நன்றாகவே புகைந்துகொண்டிருந்தது.

ரயீசா இன்னக்கெந்தியெவ்னாவின் அறை வெதுவெதுவென்று இருந்தது. பெயர் நீளமான பெண்மணி; உருவமும் அதற்கேற்றபடி. கழுத்தில் கம்பளிச் சால்வை, மார்பில் இருபத்தைந்து வருஷ சேவைப் பதக்கம். வர்வாராவின் கண்ணில் முதலில் பட்டது பதக்கமில்லை. ஜன்னல் விளிம்பில், அலமாரிமேல், தரையில் என்று ஜெரேனியச் செடித் தொட்டிகள். மரக் கட்டடத்தின் நான்கு வகுப்பறை ஜன்னல்களிலும் இருந்த அதே தொட்டிகள். ஒவ்வொன்றிலும் பிள்ளைகளின் கையெழுத்தில் பெயர்ச்சீட்டு. ஒன்றில் 'நர்யா'.

"செடிகளை எப்ப இங்க கொண்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"பதிமூணாம் தேதி சாயங்காலமே. உயிருள்ள ஜீவன்கள் இல்லையா?" என்றார் ரயீசா இன்னக்கெந்தியெவ்னா. பிறகு வந்தவள் யார் வீட்டுப் பெண் என்று நினைவு வந்து சால்வையைச் சரிசெய்தார்.

"பிள்ளைங்களுக்கு இந்தக் கட்டடத்துல இடமில்லையா? கீழ அவ்வளவு பெரிய உடற்பயிற்சிக் கூடம் சும்மா கிடக்கு. தடுத்துப் போட்டா நாலு வகுப்பு நடக்கும்."

"ஏன் இடம் மாத்தினீங்கன்னு மாவட்டத்துல கேப்பாங்க, வர்வாரா. போட்டி முடியட்டும். நாம வெறும் பாடம் நடத்தல. ஒரு பண்பாட்டை வளர்க்கறோம்."

"பஞ்சு ஒட்டித்தானே?"

"உங்க கோபம் எனக்குப் புரியுது. தாய்மை." ரயீசா இன்னக்கெந்தியெவ்னா நோட்டை ஒரு விரலால் தொட்டார். "ஆனா அறிவியல்ல ஒழுக்கம் முக்கியம். ஒரு ஒம்பது வயசுப் பிள்ளை ஒரு நம்பர் சொல்லுது. இருபது வருஷ அனுபவம் உள்ள பணியாளர் வேறொரு நம்பர் சொல்றார். எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கார். நான் யாரை நம்பணும்?" பதிவேட்டைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார். ஒன்பது நாள், ஒன்பது கையெழுத்து. எல்லாம் கவ்ரீலுடையது. வேறு யாருடைய பெயரும் அந்தப் பக்கத்தில் இல்லை. "உங்க வீட்டுக்காரர் நல்ல மனுஷர். அவருக்குக் கெட்ட பேர் வரதை நான் விரும்பல. ஆறு மணிக்குள்ள அனுப்பிடுங்க."

வர்வாரா எழுந்தாள். 'நர்யா' என்று சீட்டு ஒட்டிய தொட்டியை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டாள்.

"அது பள்ளிச் சொத்து!"

"உயிருள்ள ஜீவன்" என்றாள் வர்வாரா. கோட்டுக்குள் வைத்துப் பித்தானைப் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து இருபது. கவ்ரீல் அவள் விட்டுப் போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தான். ரப்பரும் வைத்த இடத்திலேயே இருந்தது. சறுக்கிவிட்டு வந்த மிச்சியே கன்னம் சிவக்க, தானே ஒரு பஞ்சு பொம்மை செய்துகொண்டிருந்தாள். அது உருளைக்கிழங்கு மாதிரி இருந்தது.

வர்வாரா செடியை ஜன்னலில் வைத்தாள். நோட்டை மேஜையில் போட்டாள். கைப்பேசியை அதன்மேல் வைத்தாள்.

"பதிவேட்டுல முழுக்க உங்க கையெழுத்து. அந்தம்மா பேரு ஒரு இடத்துல இல்ல. நாளைக்கு எல்லாம் வெளிய வந்தா மாட்டறது நீங்க மட்டும்தான். அதைத் தெரிஞ்சுக்கிட்டே எழுதினீங்களா?"

கவ்ரீல் நிமிர்ந்து பார்த்தான். தெரியாது என்பது முகத்தில் எழுதியிருந்தது.

"நான் எதையும் அனுப்பப் போறதில்ல. அழிக்கவும் போறதில்ல. எம் பொண்ணு கையில ரப்பரைக் கொடுத்து, உன் கண்ணு பாத்தது பொய்யின்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்னா சொல்லுங்க. அவ மூஞ்சியைப் பாத்து சொல்லுங்க. ஆறு மணிக்கு இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு."

கவ்ரீல் நோட்டைத் திறந்தான். முதல் பக்கத்திலிருந்து படித்தான். இதுவரை அவன் அதைப் படித்திருக்கவில்லை. விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. காக்கையில் கொஞ்சம் நின்றது. பதினெட்டாம் தேதியில் நின்றுவிட்டது.

"என் இமையைப் பாத்தியா?"

"தினமும் பாப்பேன்" என்றாள் நர்யா. "நாப்பத்தஞ்சுக்கு மேலன்னா உனக்கு வெள்ளையா இருக்கும். துடைச்சுட்டு வந்தாலும் ஓரத்துல கொஞ்சம் இருக்கும்."

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு நெனச்சேன்."

கவ்ரீல் ரப்பரை எடுத்தான். வர்வாரா ஒரு அடி முன்னால் வந்தாள். அவன் ரப்பரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பேனாவை எடுத்து, 'பெற்றோர் கையொப்பம்' என்று அச்சிட்ட, இதுவரை காலியாகவே இருந்த கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். கீழே, 'சரிபார்த்தேன். பள்ளி மேற்பார்வையாளர்' என்று எழுதினான். பதினொரு ரேடியேட்டர் பற்றியும் இரண்டு வரி. படம் எடுத்தான். தலைமையாசிரியைக்கு அனுப்பவில்லை. பெற்றோர் குழுவில் போட்டான். படம் கோணலாகத்தான் வந்திருந்தது.

ஐந்து ஐம்பத்திரண்டு.

அரை நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கைப்பேசி மேஜைமேல் நகரவே ஆரம்பித்தது. ஒரு தகப்பன் ஒன்பது நாளாக வண்டி ஓட்டப் போகவில்லை. ஒரு தாய் பஞ்சு வாங்கப் பக்கத்து ஊர்வரை போயிருக்கிறாள். 'முன்மாதிரி' என்ற சொல்லை யாரோ வேறொரு சொல்லோடு சேர்த்து எழுதினார்கள். அதை இங்கே அச்சிட முடியாது. ரயீசா இன்னக்கெந்தியெவ்னா ஒரு வரி எழுதி, அதை உடனே நீக்கினார். மறுபடி எழுதி, மறுபடி நீக்கினார். நூற்றுப் பதினான்கு செய்திகளுக்குப் பிறகு தீர்மானம் ஒன்று உருவானது: நாளைக் காலை எட்டு மணிக்கு ஒருத்தர் விடாமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போவது. அந்த நீல எழுத்துக்கு முன்னால் நிற்பது. உடற்பயிற்சிக் கூடத்தைத் திறக்கும்வரை நகர்வதில்லை. இனிமேல் எந்த அறிவிப்பையும் நம்புவதில்லை.

வர்வாரா அன்று பேக்கரிக்குப் போகவில்லை. கவ்ரீலுக்கு சூப் ஊற்றினாள், சூடாக்காமல்.

"வேலை போயிடுமா, வர்யா?"

"போகும்" என்றாள். "சாப்பிடு."

அந்த 'நீ'யைக் கேட்டதும்தான் அவன் கரண்டியை எடுத்தான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கவ்ரீல் வழக்கம்போலப் பள்ளி வாசலுக்குப் போனான். அநேகமாகக் கடைசித் தடவையாக. வழியில் எதிர்வீடு தெரியவில்லை. தபால் நிலையம் தெரியவில்லை. நீல எழுத்துகளில் போய் முட்டிக்கொண்ட பிறகுதான் பள்ளி வந்துவிட்டது என்று தெரிந்தது. விளக்கை அடித்துத் தெர்மாமீட்டரைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தான். பதிவேட்டில் எழுதினான், கையெழுத்துப் போட்டான், குழுவில் தன் பெயரிலேயே போட்டான்.

மைனஸ் நாற்பத்தேழு.

ஒருவரும் நம்பவில்லை.